அக்காவைப் பற்றிப் பேசிய இருவர்

பந்து வளையத்தில் பட்டு எகிறியது. அதைப் பிடிக்க எழும்பிய என் அக்காவின் முழங்கை, எதிரணிப் பெண் ஒருத்தியின் தோளில் இடித்துவிட்டது. அந்தப் பெண் சிமெண்ட் தரையில் உட்கார்ந்த வாக்கில் விழுந்தாள். நடுவர் விசில் ஊதவில்லை. பந்து யார் கைக்கோ போக, மற்ற எல்லோரும் மறுமுனையை நோக்கி ஓடினார்கள்.

அக்கா மட்டும் ஓடவில்லை. குனிந்து, விழுந்தவளின் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, "அடி பட்டுதுங்களா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

எதிரணி அங்கே நிதானமாகக் கூடை போட்டது. கேலரி சிரித்தது.

எனக்குப் பின்னால் ஒரு குரல் சிரிக்காமல் சொன்னது. "ஏனுங்க, அங்க பந்து கூடைக்குள்ள உழுந்துபோச்சு. இந்தம்மணி இங்க சொகம் விசாரிச்சுட்டு நிக்குது. இதையப் போயி பெரிய ஆளா வரும்னு சொல்றீங்களே, உங்குளுக்கே நாயமா இருக்குதுங்களா?"

"கையப் பாருங்க," என்றது இன்னொரு குரல். "பந்து அந்தக் கையில வந்து ஒட்டுதுங்க. அது சொல்லிக்குடுத்து வாரதில்ல."

"கை இருக்குதுங்க. கால் வேணுமில்லீங்களா?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் மடியில் அக்காவின் பையும் தண்ணீர்ப் புட்டியும் இருந்தன. இரண்டையும் மெல்லக் காலடியில் தள்ளி, துப்பட்டாவால் மூடிக்கொண்டேன். அவள் யார், நான் யார் என்று தெரிந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். எனக்கோ அவர்கள் மேலே என்ன சொல்லப்போகிறார்கள் என்று கேட்க வேண்டும்போல் இருந்தது.

பரணுக்கு ஏணி தேவையில்லை

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நானும் அக்கா கலாமணியும் கோவையில் ஒரே கல்லூரியில் படித்தோம். என்னைவிட ஒரு வகுப்பு மேலே அவள். போன வாரம் இந்தத் தொடரில் எங்கள் விடுதிச் சாம்பாரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு அவளே தொலைபேசியில் அழைத்தாள். "என்னைய எப்ப எழுதப் போற?" என்று கேட்டாள். இதோ எழுதுகிறேன்.

அவள் ஆறடிக்கும் மேலே. அப்பா நடுத்தர உயரம். அம்மாவும் நானும் அதற்கும் கீழே. யாரைக் கொண்டு இப்படி வளர்ந்தாள் என்று வீட்டில் ஒரு தீராத விசாரணை நடந்துகொண்டே இருக்கும். பொள்ளாச்சியில் எங்களுக்குக் கொப்பரை வியாபாரம். சொந்தக்கார ஒறம்பரை வீடுகளில் விசேஷம் என்றால், பரணிலிருந்து அண்டாவை இறக்க அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். இறக்கிக் கொடுத்ததும், "நெம்ப ஒசரமுங்க, பாவம்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தப் 'பாவம்' எதற்கென்று அம்மாவுக்குத் தெரியும். தரகர் கொண்டுவந்த ஜாதகங்கள் எல்லாம் உயரத்தைக் கேட்டதும் திரும்பிப் போயின.

அதனாலோ என்னவோ, அக்கா கூன் போட்டு நடக்கப் பழகியிருந்தாள். பேருந்தில், கடையில், கல்யாண மண்டபத்தில், எங்கே போனாலும் தோளைக் குறுக்கி, தலையைத் தாழ்த்தி, தன்னைக் கொஞ்சம் கழித்துக்கொண்டே நிற்பாள்.

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில் உடற்பயிற்சி ஆசிரியை அவளை வரிசையிலிருந்து வெளியே கூப்பிட்டு, கையில் ஒரு பந்தைக் கொடுத்தார். அக்கா ஒரே கையால் அதை வாங்கினாள். அன்று சாயங்காலமே அவள் அணியின் சென்டர். கூடைக்கு அடியில் நிற்கிறவள், இடிபடுகிறவள், எகிறி வரும் பந்துகளைப் பறிக்கிறவள்.

நானும் அதே கல்லூரியில் சேர்ந்ததும் அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஆட்டம் எங்கே நடந்தாலும் நான் துணைக்குப் போக வேண்டும். அப்படித்தான் நான் கேலரிக்கு வந்தேன்.

பட்டறைக்காரரும் கண்டக்டரும்

கோவைக்காரர்களுக்குக் கூடைப்பந்து என்றால் ஒரு பித்து உண்டு. கோடைப் போட்டிகள் நடக்கும் மாலைகளில் மில் ஷிப்ட் முடிந்தவர்கள் பஞ்சு ஒட்டிய தலையோடு நேராக மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். வாசலில் காளான் வண்டியின் மசாலா வாசனை. விளக்குகளைச் சுற்றிப் பூச்சிகள். பொழுது சாய்ந்ததும் பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் காற்று பந்தைக் கொஞ்சம் தள்ளிவிடும். அதைக் கணக்கில் வைத்து எறியத் தெரியாத வெளியூர் அணிகளை எங்கள் கேலரி ஒருவிதக் கருணையோடு பார்க்கும்.

என் பின்னால் உட்கார்ந்த இருவரும் அந்தக் கேலரியின் நிரந்தர வாசிகள். ஒருவர் ராஜகோபால், கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தவர். விரல் நகங்களில் எப்போதும் கறுப்பு எண்ணெய். இன்னொருவர் வேலுச்சாமி, டவுன் பஸ் கண்டக்டர். டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு வருவார், தோல் பை தோளிலேயே இருக்கும்.

அடுத்த போட்டியிலும் அவர்களுக்கு முன்வரிசையிலேயே போய் உட்கார்ந்தேன். அதற்கடுத்ததில் வேலுச்சாமி என் பக்கமாகக் கடலைப் பொட்டலத்தை நீட்டி, "நீங்க சொல்லுங்க அம்மணி. அந்த நெட்டைப் புள்ள தேறுமுங்களா, தேறாதுங்களா?" என்று கேட்டார்.

அவளுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாத முகத்தோடு, "கொஞ்சம் மெதுவுதானுங்க," என்றேன்.

வேலுச்சாமிக்கு அப்படி ஒரு சந்தோஷம். "கேட்டீங்களா? பொம்பளப் புள்ளைக்கே தெரியுது."

"ஒசரத்த விதைச்சா மொளைக்க வெக்க முடியுமுங்க?" என்றார் ராஜகோபால். "கால் பழகிக்கலாம். இந்தியாவுக்கு ஆடும். எழுதி வெச்சுக்குங்க."

"எழுதறேன். அதுக்கு மொதல்ல அது நொட்டாங்கைப் பக்கம் திரும்பட்டும். பந்து வாங்குனா சோத்தாங்கைப் பக்கமே திரும்புது. ரெண்டாவது பாதியில எல்லாரும் அங்கயே போயி நின்னுக்கறாங்க. எத்தன ஆட்டமாப் பாத்துட்டு இருக்கறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆட்டத்தைப் பார்த்தேன். அக்கா பந்தை வாங்கினாள், வலப்பக்கம் திரும்பினாள். மறுபடி வாங்கினாள், மறுபடி வலப்பக்கம். அத்தனை ஆட்டம் பார்த்தும் எனக்கு அது தெரிந்ததில்லை.

மறுநாள் காலை உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறி உட்கார்ந்ததும் அவளிடம் சொன்னேன். "நீ எடது பக்கம் திரும்பறதே இல்லையாம்."

"யாரு சொன்னா?"

"கேலரியில."

கிணத்துக்கடவு தாண்டும்வரை அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "வேற என்ன சொன்னாங்க?" என்றாள்.

களத்தில் ஒரு மூலை

அந்தக் கோடை விடுமுறை முழுக்க எங்கள் உலர்களத்தில் அக்கா இடப்பக்கம் திரும்பினாள். கொப்பரை காயும் சிமெண்ட் தளம் அது. எண்ணெய் ஊறி ஊறி வழவழப்பாக இருக்கும். கால் வைக்கத் தவறினால் வழுக்கும். நான்தான் எதிரணி. என் கை அவள் தோளுக்குக்கூட எட்டாது என்பதால், கொப்பரையைக் கிளறும் நீளக்கட்டையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவள் பந்தோடு முதுகைக் காட்டி வந்து, தோளை ஒரு பக்கம் காட்டி, மறுபக்கம் திரும்ப வேண்டும். முதல் நாள் இரண்டு தடவை விழுந்தாள். தேங்காய் வாசனையோடு முழங்கால் சிராய்ப்பு.

காய்ந்துகொண்டிருந்த கொப்பரையில் ஒரு பகுதி எங்கள் காலடியில் நசுங்கியது. அப்பா வந்து பார்த்தார். சரக்கைக் குனிந்து கையால் ஒதுக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை களத்துக்குப் போனால், ஒரு மூலை முழுவதும் வெறுமையாக இருந்தது. ஆட்கள் அங்கே கொப்பரை கொட்டவில்லை. அந்த இடத்தைச் சாம்பல் போட்டுக் கழுவியும் விட்டிருந்தார்கள். யார் சொன்னது என்று நாங்கள் கேட்கவில்லை.

கல்லூரி திறந்த பிறகு நடந்த முதல் ஆட்டம். அக்கா பந்தை வாங்கி, வலது தோளைக் காட்டினாள். எதிரணிப் பெண்கள் இருவரும் வழக்கம்போல் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். அவள் இடது பக்கம் திரும்பி, ஆளில்லாத இடத்தில் நின்று, மெதுவாகப் பந்தை வளையத்துக்குள் வைத்தாள்.

பின்னால் வேலுச்சாமி, "யாரோ சொல்லிப்போட்டாங்க," என்றார்.

"நீங்கதான் நாலூருக்குக் கேக்கற மாதிரி பேசறீங்களே," என்றார் ராஜகோபால். "காத்துல போயிருக்கும்."

அப்பா வந்த மாலை

அதற்கடுத்த கோடையில் ஒரு நாள், ஆட்டம் தொடங்கிய பிறகு கேலரிப் படியில் அப்பா ஏறி வந்தார். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் பை. அதுவரை அவர் ஓர் ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தி, "கொடுமுடியிலருந்து வாராங்க கண்ணு. மாப்பிள்ளை அவளைய விட ஒசரம். ஞாயித்துக்கெழமை கோயில்ல வெச்சுப் பொண்ணு பாக்கறாங்களாம். கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்," என்றார். அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் அதுவரை பார்த்ததில்லை.

ஆட்டம் சூடாக இருந்தது. பின்னால் இருவரும் ஆரம்பித்துவிட்டார்கள்.

"நொட்டாங்கைப் பக்கம் வந்துபோச்சு, ஒத்துக்கறேன்," என்றார் வேலுச்சாமி. "ஆனா அந்தப் புள்ளைக்குக் கோவமே வரமாட்டீங்குது. இடிச்சா நகந்து எடம் உடுது. சென்டர்ல நிக்கறவ எடம் உடலாமுங்களா?"

"கோவம் எதுக்குங்க? எடத்த உடாம நின்னாப் போதும். இப்ப நிக்குது பாருங்க."

அப்பா மெல்ல என் காதருகே வந்தார். "யாரைய சொல்றாங்க?"

நான் பதில் சொல்வதற்குள் வேலுச்சாமியின் கை கடலைப் பொட்டலத்தோடு எங்கள் நடுவே வந்தது. "நீங்க சொல்லுங்க பெரியவரே. அந்த நெட்டைப் புள்ள எப்படிங்க?"

அப்பா ஒரு கடலையை எடுத்துக்கொண்டார். மைதானத்தைப் பார்த்தார். அக்கா, யாரும் தடுக்காமல் எறியும் ஃப்ரீ த்ரோ கோட்டில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். தோள்கள் விரிந்து, தலை நிமிர்ந்து, இருக்கிற உயரம் முழுவதுமாக நின்றாள்.

"எனக்கு இந்த வெளையாட்டு தெரியாதுங்க," என்றார் அப்பா. "அவ இப்படி நிமுந்து நின்னு நான் பாத்ததில்லைங்க. என்ற பொண்ணுதானுங்க அது."

கடலைப் பொட்டலம் அப்படியே நின்றது. வேலுச்சாமி பதறி எழுந்துவிட்டார். "அய்யோ, மன்னிச்சுக்குங்க. நான் பாட்டுக்கு என்னென்னமோ பேசிப்போட்டேன்." பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப நீங்க?"

"தங்கச்சிங்க," என்றேன்.

"உக்காருங்க," என்று அப்பா அவர் கையைப் பிடித்து இழுத்தார். "நீங்க பேசுங்க. அவ ஒசரத்தப் பத்திப் பேசாத ஒறம்பரை எங்குளுக்கு இல்லைங்க. இத்தன வருசமாக் கேட்டுட்டேன். அவ இன்னும் நல்லா வரோணும்னு பேசி இன்னைக்குத்தான் கேக்கறேன்."

வேலுச்சாமி உட்கார்ந்தார். ராஜகோபால்தான் சென்டர் என்றால் என்ன, ரீபவுண்ட் என்றால் என்ன என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பா எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்றார்.

கொடுமுடி

ஞாயிற்றுக்கிழமை போனோம். காவிரியில் தண்ணீர் அதிகமில்லை. கோயில் பிராகாரத்தில் இரண்டு குடும்பங்களும் எதிரெதிரே உட்கார்ந்தன. நல்ல மனிதர்கள். மஞ்சள் வியாபாரம். மாப்பிள்ளை உண்மையிலேயே உயரம். அக்காவும் அவரும் எழுந்து நின்றபோது அம்மாவின் கண் கலங்கிவிட்டது.

அவருடைய அம்மா அக்காவின் கையைத் தடவியபடி, "கண்ணாலத்துக்கு அப்பறம் இந்தப் பந்தாட்டமெல்லாம் எதுக்குங் கண்ணு? போதுமில்ல?" என்று கேட்டார். அதட்டலாக அல்ல, பிரியமாகத்தான் கேட்டார்.

அக்கா கையை விடுவித்துக்கொள்ளாமலே சொன்னாள். "இன்னுங் கொஞ்ச வருசம் ஆடோணுமுங்க. இப்ப உட முடியாதுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த அம்மா அவள் கையைத் தட்டிக்கொடுத்து, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். சொல்லி அனுப்பவில்லை.

அம்மா பல நாள் அக்காவோடு பேசவில்லை. பரிமாறுவாள், பேசமாட்டாள். அப்பா யார் பக்கமும் சேராமல் களத்திலேயே கிடந்தார். அந்தச் சமயத்தில்தான் கடிதம் வந்தது. தென்மாநிலப் பெண்களுக்கான தேர்வு முகாம் சென்னையில் நடக்கிறது. அதில் தேறினால் இந்திய அணியின் முகாம்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் மத்தியானம் அம்மா தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். எந்தப் போர்வையும் அக்காவுக்குக் கால்வரை வந்ததில்லை. அம்மா இரண்டு போர்வைகளை வெட்டி ஒன்றாகச் சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் மடித்து அக்காவின் பெட்டியில் வைத்து, "சென்னையில கொசு சாஸ்தி," என்றாள். அத்தனை நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது.

சென்னை ரயில்

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அக்கா இந்தியாவுக்காக ஆடவில்லை. அந்த வருடமும் இல்லை, பிறகும் இல்லை. விளையாட்டை வைத்து ஓர் அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அவர்கள் அணிக்காக முட்டி தேயும்வரை ஆடினாள். கல்யாணமும் ஆயிற்று. அத்தான் அவளைவிடக் கொஞ்சம் குட்டை, அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. கல்யாணப் படங்களில் மட்டும் இருவரும் உட்கார்ந்தே இருக்கிறார்கள். அது பற்றி எழுதக் கூடாது என்று உத்தரவு.

நான் சொல்ல வந்தது அவள் முகாமிலிருந்து திரும்பிய காலையை.

முந்தின நாள் போன் வந்தது. "இல்லைங்கப்பா," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அப்பா ராஜகோபாலின் பட்டறைக்குப் போன் போட்டார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலை நானும் அப்பாவும் கோவை ஸ்டேஷனுக்குப் போனபோது, பிளாட்பாரத்தில் ராஜகோபால் சலவைச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் வேலுச்சாமி, டூட்டிக்குப் போக வேண்டிய காக்கியில்.

அக்கா இறங்கினாள். எங்கள் நால்வரையும் ஒன்றாகப் பார்த்ததும் திகைத்தாள். அதுவரை அந்த இருவரோடும் அவள் பேசியதில்லை. நான் சொல்லிச் சொல்லித்தான் தெரியும். வேலுச்சாமி அவள் பெட்டியை வாங்கிக்கொண்டு, "காப்பி குடிச்சுட்டுப் போலாமுங்க," என்றார்.

எதிரே ஓர் ஓட்டலில் உட்கார்ந்தோம். இட்லி வந்தது. ராஜகோபால்தான் பொறுக்க முடியாமல் ஆரம்பித்தார். "இந்தத் தேர்வெல்லாம் சிபாரிசுங்க அம்மணி. நமக்குத் தெரியாததுங்களா?"

"இல்லைங்க," என்றாள் அக்கா. "அந்தப் புள்ள என்னைய விட நல்லா ஆடுதுங்க."

சென்டர் இடத்துக்குத் தேர்வானவள் ஒரு கேரளத்துப் பெண். கோட்டயம் பக்கம். அக்கா சொல்லத் தொடங்கியதும் அவள் முகமே மாறிவிட்டது. அந்தப் பெண் எப்படி முதுகைக் கொடுத்து நிற்கிறாள், எப்படிப் பந்து வருமுன்பே கால் அங்கே போய்விடுகிறது, எப்படி ஒரு தோளைக் காட்டி, இன்னொரு தோளையும் காட்டி, இரண்டு பக்கமும் போகாமல் பின்னால் சாய்ந்து எறிகிறாள். "நீங்க பாக்கோணுமுங்க," என்று வேலுச்சாமியிடம் சொன்னாள். சொல்லிப் புரியவைக்க முடியாமல் எழுந்து நின்று, மேசைகளுக்கு நடுவே திரும்பிக் காட்டினாள். காப்பித் தட்டோடு வந்த சர்வர் ஓரமாக ஒதுங்கி நின்று பார்த்தார். பக்கத்து மேசைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

தன்னைத் தோற்கடித்தவளைப் பற்றி அப்படி ஆசையாகப் பேசியவர்களை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

அவள் உட்கார்ந்ததும் நாங்கள் ராஜகோபாலைப் பார்த்தோம். அவர் எண்ணெய் படிந்த விரலால் மேசையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். வேலுச்சாமிதான் வாயைத் திறந்தார்.

"அந்தப் புள்ளைய நிறுத்தலாமுங்க," என்றார். "பின்னால சாயறதுக்கு முந்தி ஒரு அடி முன்னால வந்துட்டாப் போதும். உங்குளுக்கு இந்தத் தடவ கால் பத்தல. ஒரு வருசத்துல வந்துரும். அடுத்த வருசம் நீங்கதானுங்க."

ராஜகோபால் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "நீங்களா சொல்றீங்க?"

"நாந்தானுங்க சொல்றேன்."

போனில் அழாதவள், பிளாட்பாரத்தில் அழாதவள், அப்போது அழுதாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதாள். வேலுச்சாமி தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டதாக நினைத்து எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

அப்பா அவளுடைய காப்பியைத் தன் பக்கம் இழுத்து, டம்ளரிலிருந்து டபராவுக்கும் டபராவிலிருந்து டம்ளருக்குமாக ஆற்றத் தொடங்கினார். அது ஆறி வெகுநேரமாகியிருக்கும். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டும்வரை அவர் ஆற்றிக்கொண்டே இருந்தார்.